வேலை கசந்தால் கலாநிதியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பத்திரிகையின் இறுதிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பி உடை மாற்றிக்கொண்டிருந்த வேளையில் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வழமையாகப் பெருநாட்களிலும் பிறந்த நாட்களிலும் மட்டுமே அழைப்பவன். பதினொரு மணிக்கு மேல் அவனுடைய குரலைக் கேட்டதும் தங்கைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நெஞ்சு ஒருகணம் திடுக்கிட்டது.

“மாமா, ஒண்டும் இல்லை. பயப்பிடாதையுங்கோ. எனக்கு ஒரு விசயம் கேக்கவேணும். அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாம்.”

விடயம் இதுதான். அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புலமைப்பரிசிலும் உண்டு. மூன்று வாரங்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் போவதா, இருப்பதா? பொறியியலைப் பற்றிப் பாலர் வகுப்பு அறிவும் இல்லாத, கலைப் பட்டதாரியான என்னிடம் ஏன் இந்தக் கேள்வி வந்தது என்று முதலில் வியந்தேன். பிறகு புரிந்தது. அவனுக்குத் தெரிந்த பொறியியலாளர்கள் அனைவரும் ஒன்று போய்விட்டவர்கள், அல்லது போக முடியாமல் போனவர்கள். முதல் வகையினர் போ என்பார்கள். இரண்டாம் வகையினரும் போ என்றே சொல்வார்கள். இரண்டிலும் சேராத ஒருவனிடம் பேச விரும்பியிருக்கிறான்.

அவனுடைய கதை இன்று இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான இளம் பொறியியலாளர்களின் கதை. வடமராட்சியில் படித்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து, பேராதனையில் குடிசார் பொறியியல் கற்று, 2018இல் பட்டம் பெற்று வெளியேறினான். கொழும்பிலுள்ள கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை. மலையகத்தில் வீதி அகலிப்பு வேலைத்தளத்தில் மூன்று வருடம். பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, சில வாரங்களுக்குள் ரூபாவின் பெறுமதி பெருமளவு வீழ்ந்தது. நாடெங்கும் கட்டுமான வேலைகள் பாதியில் நின்றன. அவனுடைய வீதியும் நின்றது. உடன் படித்தவர்களிற் பலர் விமானம் ஏறினர். தகப்பன் இல்லாத வீடு, தங்கையின் படிப்பு, தாயின் முழங்கால் வருத்தம் என்பவற்றை நினைத்து இவன் நின்றுவிட்டான். நிறுவனம் அவனைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்து ஒரு மேசையைக் கொடுத்தது. அன்றிலிருந்து அவன் செய்வது, வேறொருவர் செய்த வேலையின் அளவுகளைச் சரிபார்த்து, வேறொருவர் கட்டவேண்டிய பணத்துக்குப் பட்டியல் தயாரிப்பது.

“நான் எஞ்சினியர் இல்லை மாமா. கணக்குப்பிள்ளை” என்றான்.

கணக்குப்பிள்ளை என்ற சொல்லில் இழிவு ஏதும் இல்லை என்று அவனிடம் சொன்னேன். ஆனாலும் அவன் சொன்னதன் பொருள் எனக்கு விளங்காமலில்லை. நான்கு வருடம் மூளையைத் தீட்டிக்கொண்ட ஒருவனுக்கு, அந்தக் கூர்மையை எங்கும் பயன்படுத்த வழியில்லாமற் போவது பசியைப் போன்ற ஒரு வேதனை. சம்பளம் அதனைத் தீர்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான இளைஞர்கள் ஒரு தவறான கணக்கைப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். “வேலை சலித்துவிட்டது, படிப்பு இனித்தது, ஆகவே மீண்டும் படிக்கப் போகிறேன்” என்பதே அக்கணக்கு. பார்வைக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் அதில் இரண்டு பிழைகள் உள்ளன. பட்டப்படிப்பு என்பது வேறு, கலாநிதி ஆய்வு என்பது வேறு. முன்னையதில் கேள்வியை ஆசிரியர் தருவார்; விடையும் எங்கோ எழுதப்பட்டிருக்கும்; பரீட்சை முடிந்தால் மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். பின்னையதில் விடை எங்குமே இல்லை. பல மாதங்கள் செய்த பரிசோதனை ஒன்று, கருவி பிழையாக இருந்ததனால் பயனற்றுப் போகலாம். சரியாகச் செய்த பரிசோதனையும் ஒன்றையும் காட்டாமற் போகலாம். பாராட்ட வகுப்புத் தோழர்கள் இல்லை. மூன்று நான்கு வருடம் ஒரே விடயத்துடன் பெரும்பாலும் தனியே இருக்கவேண்டும். பரீட்சையில் முதலாம் வகுப்புப் பெற்றவர்கள் எல்லோரும் இந்தத் தனிமையில் தேறுவதில்லை.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. ஒன்றை வெறுப்பது, இன்னொன்றை விரும்புவதாகாது. வேலையிலிருந்து ஓடுகிறவன் வேலையைத்தான் நினைத்துக்கொண்டு ஓடுகிறான். எங்கே போகிறோம் என்பதை அவன் பார்ப்பதில்லை.

இதனை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் அலைந்து திரிந்து, 1996இல் கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தேன். இரவுக் கடமை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே வேலை. எவனோ ஒரு நாட்டின் நிதியமைச்சர் இராஜினாமாச் செய்ததை அதிகாலை இரண்டு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பேன். என் பெயர் எங்கும் வராது. ஆசிரியபீடத்தில் நான் எழுதிய சொந்தக் கட்டுரை ஒன்று ஆறு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்து, பிறகு காணாமலே போயிற்று. மூன்று வருடத்தில் வெறுத்துவிட்டது. “நான் பத்திரிகைக்குப் பிறந்தவன் அல்லன், ஆய்வுக்குப் பிறந்தவன்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். மேற்பார்வையாளர் ஒரு தலைப்பைத் தந்தார். அது என்ன என்று கேட்காமலே தலையாட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது தலைப்பு அன்று, இரவுக் கடமையிலிருந்து விடுதலை.

இரண்டு வருடம் சுவடிக் கூடங்களில் குறிப்பெடுத்தேன். நூற்றுக்கணக்கான அட்டைகள். அவற்றை வரிசைப்படுத்தி எழுத அமர்ந்தபோதுதான் ஒரு பயங்கரமான உண்மை தெரிந்தது: அந்தக் கேள்விக்கு என்ன விடை வந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. இரவுக் கடமையில் என்னை வருத்திய அதே சலிப்பு, நூலகத்துப் பகல் வெளிச்சத்திலும் என் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டது. பட்டத்தைக் கைவிட்டேன். அட்டைகள் இன்னும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன.

பத்திரிகைக்குத் திரும்பினேன். அதே இரவு, அதே மேசை. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. ஓரிரு வாரங்களின் பின்னர் வடமராட்சி கிழக்குக் கரைக்குச் செய்திக்காகப் போனவன், ஒரு காட்சியைக் கண்டு திகைத்தேன். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அதே கரையில், அதே இடத்தில், கம்புகளை நட்டுக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையோரத்தில் கட்டடம் கட்டக்கூடாது என்று கொழும்பில் அரசாங்கம் எல்லைக் கோடு கீறிக்கொண்டிருந்த காலம் அது. ஏன் திரும்பி வருகிறார்கள் என்ற ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்காக விடுமுறை எடுத்தேன், கைக்காசு செலவழித்தேன், மீனவர்களிடம் திட்டு வாங்கினேன், பல மாதங்கள் கழித்து ஒரு தொடர் எழுதினேன். அந்தக் காலத்தில் நான் சலித்ததாக நினைவே இல்லை. வேலை மாறவில்லை. கேள்வி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே மருமகனிடம் நான் கேட்ட முதற் கேள்வி: “அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?”

ஒரு தலைப்பைச் சொன்னான். புகையிரதப் பாதைக்குக் கீழே போடப்படும் சல்லிக் கற்கள் சுமையால் எவ்வாறு உடைகின்றன என்பதைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் திட்டம். பேராசிரியர் ஏற்கனவே நிதி பெற்றுவிட்ட திட்டம், ஆள்தான் தேவை. “அந்தக் கல் உடைந்தால் உனக்கு என்ன?” என்று கேட்டேன். சிரித்தான். பதில் வரவில்லை.

பொறியியல் ஆய்வின் நடைமுறை ஒன்றை இங்கே வாசகர்கள் தெரிந்துகொள்ளல் நன்று. கலைத்துறையில் ஆய்வாளன் பெரும்பாலும் தன் தலைப்பைத் தானே கொண்டுபோவான். பணத்தையும் தானே தேடுவான். பொறியியலில் அநேகமாக மறுவளம். பேராசிரியர் அரசிடமிருந்தோ தொழிற்றுறையிடமிருந்தோ ஒரு திட்டத்துக்கு நிதி பெறுகிறார். அந்த நிதியிலிருந்து மாணவனுக்குக் கொடுப்பனவு வருகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் என்ற பெயரில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதக் கொடுப்பனவும் தருவார்கள். தகைமைப் பரீட்சைகளையும் தாண்டி முடிக்க ஐந்து வருடமளவில் செல்லும். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் பாடநெறிகள் குறைவு, காலமும் குறைவு. பொதுவாக மூன்றரை வருடமளவுக்கே புலமைப்பரிசில் நீடிக்கும். எங்கே போனாலும் அந்தப் பணம் ஒருவர் சிக்கனமாக வாழப் போதும். ஊருக்கு ஒழுங்காக அனுப்புவதற்கு மிஞ்சுவது அரிது. தாய்க்கு மருந்தும் தங்கைக்கு விடுதிக் கட்டணமும் இவனுடைய சம்பளத்தில்தான் நடக்கின்றன. ஆக, அவன் தன்னுடைய நான்கு வருடத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை. இன்னும் இரண்டு பேருடைய நான்கு வருடத்தையும் வைக்கிறான். உடைகிற சல்லிக் கல்லுக்கு அந்த விலை தகுமா?

சிலர் சொல்வார்கள்: ஆய்வு ஒரு சாட்டு, நாட்டை விட்டுப் போவதே நோக்கம், அதில் என்ன தவறு? தவறே இல்லை. 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற எவனுக்கும், வெளியேறும் இளைஞனைக் குறைகூறும் தகுதி இல்லை. ஆனால் புலம்பெயர்வதே நோக்கமானால், அதனைப் புலம்பெயர்தல் என்றே பெயரிட்டு மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பாடநெறி முதுமாணிப் பட்டம், தொழில் அனுபவத்தின் அடிப்படையிலான வீசா, மத்திய கிழக்கில் சில வருட வேலை என்று பல பாதைகள் உள்ளன. அவற்றுள் கலாநிதிப் பட்டம் மிக நீண்டதும் மிகக் குறைந்த வருமானம் தருவதுமான பாதைகளில் ஒன்று. மேலும், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர் என்பதனால், அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நம்முடைய பொறியியற் பட்டங்கள் அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகளாற் சமமாகக் கருதப்படுகின்றன. கதவைத் திறக்க இன்னுமொரு பட்டம் அவசியம் என்பதில்லை.

இன்னொரு சாரார் “பட்டம் பெற்றால் பதவி உயரும்” என்பார்கள். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விரும்புகிறவனுக்கு அது உண்மை. கலாநிதிப் பட்டம் அங்கே கிட்டத்தட்டக் கட்டாயம். ஆனால் கட்டுமானத் துறையில் இந்த நாட்டில் மதிக்கப்படுவது பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியும் வேலைத்தள அனுபவமும்தான். நான்கு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்துவிட்டு முப்பத்தைந்து வயதில் வருபவனைப் பார்த்து, “இவ்வளவு படித்தவருக்கு எங்களிடம் வேலை இல்லையே” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும் முகாமையாளர்கள் உண்டு. நம்முடைய கலியாணச் சந்தையில் டொக்டர் என்ற முன்னெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. என் தங்கைக்கு இந்தச் செய்தி தெரிந்தால் முதலில் மகிழ்வது அதற்காகத்தான் இருக்கும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் எவனும் கலாநிதிப் பட்டம் செய்யவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. மருமகனிடம் ஒரு வேலை கொடுத்தேன். “பேராசிரியரின் தலைப்பை மறந்துவிடு. இந்த ஏழெட்டு வருட வேலையில், இது ஏன் இப்படி நடந்தது என்று உன்னை நித்திரை கொள்ளவிடாமற் செய்த விடயம் ஏதாவது உண்டா? இருந்தால் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. தமிழிலேயே எழுது. எனக்கு விளங்கவேண்டும்.”

நான்கு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. ஒரு பக்கம் கேட்டேன். மூன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். மலையக வேலைத்தளத்தில் வீதியை அகலிப்பதற்காக ஒரு சரிவை வெட்டினார்கள். வரைபடத்தில் உள்ளபடியே வெட்டினார்கள். அது 2019. இரண்டு பருவமழைகளை அச்சரிவு தாங்கி நின்றது. 2021 ஒக்டோபரில் ஓர் இரவு வழுக்கி இறங்கியது. அதற்கு முன் பெய்த சில மழைகள் அந்த இரவு மழையை விடக் கடுமையானவை என்பது அவனுடைய நாட்குறிப்பில் இருந்தது. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் சரிவின் மேல் விளிம்பிலிருந்து சில யார் தூரத்தில் ஒரு லயன் இருந்தது. விடியற்காலை அங்கிருந்து பிள்ளைகள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி, “எதிர்பாராத கடும் மழை” என்று அரைப்பக்க அறிக்கை எழுதி விடயத்தை முடித்தார்கள். மண்ணை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று இவன் கேட்டிருக்கிறான். “பில்லில் அதற்கு ஐட்டம் இல்லை” என்று மேலிடம் சொல்லிவிட்டது.

“கூடின மழைக்கு நிண்டது, குறைஞ்ச மழைக்கு ஏன் விழுந்தது? எனக்கு இது இண்டுவரைக்கும் விளங்கேல்லை மாமா” என்று முடித்திருந்தான்.

படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்களின் மேல் மலை இறங்கியபோது செய்தி மேசையில் இருந்தவன் நான். ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2016 மே மாதத்தில் அரநாயக்க. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மலையகம் எங்கும் மண்சரிவுகள், நூற்றுக்கணக்கான உயிர்கள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் “எதிர்பாராத கடும் மழை” என்றுதான் தலைப்பிட்டிருக்கிறோம். என்னுடைய தலைப்புகளும் அந்த அரைப்பக்க அறிக்கையும் ஒரே இனம்.

அவன் விளக்கிய பிறகு எனக்குத் தெரியவந்த அடிப்படை மிக எளிமையானது. கடற்கரையில் பிள்ளைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மணலில் வீடு நிற்காது. அளவாக நனைந்த மணலில் நிற்கும், ஏனென்றால் மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அலை வந்து முழுவதும் நனைத்தால் அந்த இழுவை போய்விடும், வீடு சரியும். மலைச் சரிவிலுள்ள மண்ணும் ஏறக்குறைய அப்படியே. எவ்வளவு மழை பெய்தது என்பது மட்டும் கணக்கல்ல. அதற்கு முந்திய நாட்களில் மண் எவ்வளவு நனைந்திருந்தது, நீர் எந்த வெடிப்பால் எவ்வளவு ஆழம் இறங்கியது, எங்கே தேங்கியது என்பனவும் கணக்கு. தத்துவம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நம்முடைய மலையில், பாறை சிதைந்து உண்டான நம்முடைய மண்ணில், குறித்த ஒரு சரிவு எந்த நாளில் அந்த எல்லையைத் தாண்டும் என்று சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ அளக்கவேண்டும். இது ஒரு கேள்வி. இதற்கு நான்கு வருடம் கொடுக்கலாம்.

மண் பொறிமுறை என்ற இந்தத் துறையே இப்படியான ஒரு மனக்குறையிற்தான் பிறந்தது. 1883இல் பிராகாவில் பிறந்த கார்ல் டெர்சாகி பொறியியல் படித்துக் கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அத்திவாரங்களும் அணைகளும் ஏன் பிழைக்கின்றன என்பதை யாராலும் சொல்ல முடியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். 1912இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவுக்குப் போய் அணைக்கட்டு வேலைத்தளங்களைச் சுற்றிப் பார்த்து, விடை கிடைக்காமல் மனமுடைந்து திரும்பினார். பிறகு இஸ்தான்புலில் ஆசிரியராக இருந்துகொண்டு எளிய கருவிகளால் மண்ணை அளக்கத் தொடங்கி, 1925இல் மண் பொறிமுறைக்கு அடித்தளமிட்ட நூலை வெளியிட்டார். பட்டம் 1912இல் வந்தது; விடை 1925இல் வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மிடையே பேராசிரியர் அ. துரைராஜா இருந்தார். ஹாட்லிக் கல்லூரி மாணவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, கேம்பிரிட்ஜில் மண்ணின் வெட்டு வலிமை பற்றி ஆய்ந்து கலாநிதியானவர். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கேம் நதியின் பெயரால் ‘கேம் களி’ என்று அழைக்கப்படும் மாதிரிக்கு அடிப்படையாயிற்று. இன்றும் உலகெங்கும் மண் பொறிமுறை மாணவர்கள் அதனைப் படிக்கிறார்கள். அவர் திரும்பி வந்தார். பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாக இருந்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பொறுப்பேற்று, போர்க்காலத்தின் மிகக் கொடிய வருடங்களில் அதனை இயங்கவைத்தார். 1994இல் மறைந்தார். குடாநாட்டில் எரிபொருள் இல்லாத அந்நாட்களில் துவிச்சக்கர வண்டியில் போய்வந்த துணைவேந்தர் என்றே எங்கள் தலைமுறை அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய ஆய்வின் பெருமையைப் பல வருடங்களின் பின்னர்தான் நாங்கள் அறிந்தோம். களிமண்ணை நசுக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்கு ஒரு சாட்டாக இருந்திருந்தால், அந்தக் கட்டுரை எழுதப்பட்டிராது.

எல்லோரும் துரைராஜா ஆகவேண்டும் என்றோ, எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்றோ நான் கூறவரவில்லை. திரும்பி வருவது அவரவர் நெஞ்சுக்குரிய விடயம். ஒன்று மட்டும் சொல்வேன். 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் ஆரம்பிக்கப்பட்டது. கேள்வியோடு போனவன் திரும்பி வர விரும்பினால், வந்து நிற்பதற்கு இன்று ஊரிலே ஓர் இடம் இருக்கிறது. துரைராஜா காலத்தில் அது இருக்கவில்லை.

மருமகனுக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இது. முதலாவது, உன் மூன்றரைப் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக்கி அந்தப் பேராசிரியருக்கு அனுப்பு. இந்தக் கேள்வியில் வேலை செய்ய இடம் உண்டா என்று நேரே கேள். இரண்டாவது, அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேருடனும், முடிக்காமல் விட்டவர் ஒருவருடனும் பேசு. மேற்பார்வையாளர் யார் என்பது பல்கலைக்கழகம் எது என்பதைவிட முக்கியம். மூன்றாவது, வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதி, நான்கு வருடத்துக்கு அது எங்கிருந்து வரும் என்று அம்மாவோடு இருந்து பேசு, மறைக்காதே. நான்காவது, இடம் இல்லை என்றால் அதற்காக அழாதே. பேராதனையிலும் மொறட்டுவையிலும் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் முதுமாணிப் பட்டம் செய்யும் வழி உண்டு. அந்தச் சரிவும் எங்கும் போய்விடாது. கடைசியாக, போய்ப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வா. விட்டு வந்த ஒருவன்தான் உனக்கு இதை எழுதுகிறான்.

இந்த இறுதி வரிக்கு ஓர் உதாரணமும் சேர்த்திருந்தேன். 1908இல் மான்செஸ்டருக்கு விமானப் பொறியியல் ஆய்வுக்காகச் சென்ற ஓர் ஒஸ்திரிய இளைஞர், விமானத்தின் சுழலியை வடிவமைக்கையில் கணிதத்தின் அடிப்படைகள் பற்றிய கேள்வியில் அகப்பட்டு, 1911இல் பொறியியலைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அவர்தான் விற்கன்ஸ்ரைன். கேள்வி வேறு திசையில் இழுத்தால் அதன் பின்னே போவது தோல்வி ஆகாது. எந்தக் கேள்வியும் இல்லாமல், போட்ட வருடங்களுக்காக மட்டும் இருந்து முடிப்பதுதான் தோல்வி.

குறித்த திகதிக்கு இரண்டு நாள் முன்பு அவன் அழைத்தான். பேராசிரியர் மரியாதையாகவே பதில் எழுதியிருக்கிறார். நிதி சல்லிக் கல்லுக்குத்தான். சரிவு பற்றி வேலை செய்யும் வேறொருவரின் பெயரைத் தந்திருக்கிறார். அங்கே இப்போதைக்குப் பணம் இல்லை, அடுத்த வருடம் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது.

“நான் வரேல்லை எண்டு எழுதிப்போட்டன் மாமா. மற்றவருக்கும் எழுதியிருக்கிறன். படங்களும் அனுப்பினனான்.”

அடுத்த வருடம் அந்தக் கடிதம் வராமற் போகலாம். வந்தாலும் அதற்குள் அவனுக்கு வயது ஒன்று கூடியிருக்கும். கையில் இருந்ததை விடச் சொல்லிவிட்டேனோ என்ற உறுத்தல் எனக்கு இல்லாமலில்லை. என் கருத்துச் சரியென்று நம்பியே சொன்னேன். ஆனால் விலையைக் கொடுக்கப்போவது நான் அல்லன். ஆலோசனை சொல்கிற எல்லோரும் இதனை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

விடயம் வெளியே வந்த அன்று மாலை தங்கை அழைத்தாள். “நீங்கள் படிப்பை விட்டது போதாதெண்டு அவனையும் விடப் பண்ணிப்போட்டியள் அண்ணா” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். இரண்டு வாரமாக என்னோடு பேச்சில்லை. மருமகன் மட்டும் நேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். வார இறுதியில் மலைக்குப் போகிறானாம். அந்தச் சரிவில் மண் எடுக்க இரும்புக் குழாய் ஒன்று வாங்கியிருக்கிறானாம். பில்லில் அதற்கு இன்னும் ஐட்டம் இல்லை, தன்னுடைய காசில்தான்.